படப்பெட்டியின் முன் நம்மவர்

பாயான் பாருவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி இந்த உரையைத் தொடங்குகிறோம்.

2018-ஆம் ஆண்டு. எங்கள் சின்னப் பாட்டியை, அதாவது நம் பாட்டியின் தங்கையை, அங்குள்ள ஒரு நிழற்படக் கடைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. 1937-இல் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். எண்பத்தோராண்டு இந்த மண்ணில் வாழ்ந்தும் அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டுதான். சிவப்புக் கார்டு வைத்திருக்கும் அறுபது வயதைக் கடந்த இந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை தரப்படும் என்று அந்த ஆண்டில் அரசாங்கம் அறிவித்திருந்தது. விண்ணப்பத்தில் ஒட்டப் படம் வேண்டும். பாட்டி தம் பேத்தியுடன் பாயான் பாரு அடுக்குமாடியில் குடியிருந்தார். கடையும் பக்கத்திலேயே இருந்தது.

கடைக்காரர் வயதான சீனர். பாட்டியை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கருவிக்குப் பின்னால் போனார். அவ்வளவுதான். அதுவரை கடைக்காரருடன் மலாயில் விலை பேசிக்கொண்டிருந்த பாட்டி, நட்ட கட்டைபோல் ஆகிவிட்டார். தோள் காது வரை ஏறியது. கைகள் தொடையில் ஒட்டின. விளக்கு மின்னியபோது கண்கள் இறுக மூடின. மீண்டும் எடுத்தார். மீண்டும் மூடின. "மாதா புக்கா, நேனெக்" என்றார் கடைக்காரர், கண்ணைத் திறங்கள் என்று. மூன்றாம் முறையும் அதே கதை.

இது பாட்டிக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணிவிட வேண்டாம். நம் பள்ளியில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுக்கும் நாளில் பார்க்கிறோம். மரத்துக்கு மரம் தாவும் பையன்கள்கூடப் படப்பெட்டியைக் கண்டதும் கொடிக்கம்பமாகிவிடுகிறார்கள். திருமண வீட்டில் நம் தாய்மார்கள் படம் எடுப்பவரைக் கண்டால் சமையற்கட்டுப் பக்கம் நழுவுவார்கள். "நமக்குக் கூச்ச சுபாவம்" என்று சொல்லி நாமே முடித்துக் கொள்கிறோம். கூத்திலும் கும்மியிலும் காவடியிலும் ஆயிரம் பேர் பார்க்க ஆடும் மக்களுக்கு, ஒரு கண்ணாடிக் குமிழ் பார்த்தால் மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில். டாகர் என்பவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பிடித்துக் காட்டினார். அந்தத் தொடக்க நாட்களில் ஒரு படம் பதியப் பல நிமிடம் பிடித்தது. கொளுத்தும் வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் கண் கலங்க உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் தலை சற்றே அசைந்தால் முகம் புகையாகிவிடும். ஆகவே நாற்காலிக்குப் பின்னால் இரும்புத் தண்டு ஒன்றை நிறுத்தி, அதன் கவையைப் பிடரியில் கொடுத்துத் தலையை அசையாமல் பிடித்தார்கள். முன்னால் இருந்து பார்த்தால் அது தெரியாது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பியப் படங்களில் துரைகளும் துரைசானிகளும் விறைத்துப் போய் முறைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த இரும்புக் கவைதான். சிரிப்பை ஒரு நிமிடம் மாறாமல் வைத்திருக்க யாரால் முடியும்? ஆகவே சிரிக்கவில்லை.

பழைய கடைகளில் உட்காருபவர் பக்கத்தில் ஒரு மேசையும், சாய்ந்துகொள்ளச் சாந்துத் தூணும் இருக்கும். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. கையை ஊன்றினால் உடம்பு ஆடாது. பின்னாளில் கருவி வேகமாகிவிட்டது. தூணும் மேசையும் மட்டும் வழக்கமாகத் தங்கிவிட்டன. விறைப்பும் அப்படியே தங்கிவிட்டது என்பது நம் எண்ணம். படத்துக்கு உட்காருவது என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என்று ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்தது.

இனி நம் பினாங்குக்கு வருவோம்.

1862-ஆம் ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் தாம்சன் என்னும் இளைஞர் கிழக்கே வந்தார். பின்னாளில் சீனம், கம்போடியா ஆகிய நாடுகளைப் படமெடுத்துப் பெரும்புகழ் பெற்றவர் இவர். அந்தப் புகழுக்கெல்லாம் முன்னால், பினாங்குத் தீவிலும், அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையிலும் பத்து மாதம் தங்கிப் படத்தொழில் செய்தார். நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக அந்த மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட காலம் அது.

அன்றைய முறைக்கு ஈரத்தட்டு முறை என்று பெயர். கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவியாக வேண்டும். பால்மரத்தில் வெட்டிய பாலை உறைவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்கும் நமக்கு இந்த அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. வெள்ளி உப்பு பட்ட விரல் கறுத்துப் போகும். ஒட்டுப்பால் கறைபோல அது எளிதில் போகாது. பிறகு அந்தக் கண்ணாடியை முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காயவைத்துப் படியெடுக்க வேண்டும். ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

தாம்சன் உதவிக்கு ஆள் தேடினார். அங்கிருந்த சீனர்கள் மறுத்துவிட்டார்கள். மனிதக் கை தொடாமலே உருவம் வருவது பேய்த்தனமான காரியம் என்று அவர்கள் அஞ்சியதாகத் தாம்சன், 1875-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்த வேலைக்கு அஞ்சாமல் வந்தவர்கள் யார் தெரியுமா? மதராஸிலிருந்து வந்த இருவர். அவர்களைப் பழக்கிப் படியெடுப்பவர்களாகவும் உதவியாளர்களாகவும் வைத்துக் கொண்டதாக அதே நூலில் குறிப்பிடுகிறார்.

நேயர்களே, இந்த ஒரு செய்திக்காகவே அந்த நூலை நாம் பாராட்டலாம். பெயரை எழுதி வைத்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்போம். மதராஸ்காரர்கள் என்ற அளவோடு நிறுத்திவிட்டார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அவங்க ரெண்டு பேரையும் யாராவது படம் எடுத்தாங்களா, சார்?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. ஆனால் மலாயாவில் படக்கலை தவழத் தொடங்கிய காலத்திலேயே, பினாங்கு வெயிலில் கண்ணாடித் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, பிறர் முகங்களைத் தாளில் வரவழைத்த கைகள் மதராஸிலிருந்து வந்த கைகள். படப்பெட்டியைக் கண்டு அஞ்சுவது நம் பிறவிக் குணம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பேச்சு நம்மிடையே இருந்தது உண்மைதான். கைக்குழந்தையைப் படம் எடுக்க விடமாட்டார்கள், கண்ணேறு பட்டுவிடும் என்பார்கள். சீனாவில் தாம்சன் சென்ற இடங்களிலும் இதே அச்சம் இருந்தது. அவர் பெட்டி உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடும், படமானவர் சில ஆண்டுகளில் இறப்பது உறுதி என்று மக்கள் நம்பினார்கள். படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. பிரான்சின் மாபெரும் நாவலாசிரியர் பால்சாக்குக்கும் இந்த அச்சம் இருந்ததாம். மனித உடம்பு ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணற்ற படலங்களால் ஆனது, ஒவ்வொரு படமும் ஒரு படலத்தை உரித்துக்கொண்டு போகிறது என்று அவர் நம்பியதாக, புகழ்பெற்ற படக்கலைஞர் நாடார் எழுதி வைத்திருக்கிறார். (இந்த நாடார் பிரெஞ்சுக்காரர். நம் ஊர்ப் பெயர் என்று மயங்க வேண்டாம்.)

நம்மிடையே இந்த அச்சம் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லயத்து வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களைப் பாருங்கள். சாமி படம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பொட்டு வைத்து மாலை போட்ட படம் இருக்கும். மாலை போட்ட படம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது படம் எடுக்காதவரை, இறந்த பிறகு நாற்காலியில் சார்த்தி வைத்துப் படமெடுத்த குடும்பங்களும் உண்டு. சுவரில் ஏறினால் சாமியாக வேண்டும், இல்லையேல் செத்திருக்க வேண்டும் என்று பார்த்தே வளர்ந்த ஒருவர், படத்துக்கு உட்காரும்போது தோளைத் தளர்த்திக்கொண்டு உட்காருவாரா?

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம்மவரைப் படம் எடுத்தவர்கள் நமக்காக எடுக்கவில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பியர் நடத்திய படக்கடைகள், ஒவ்வோர் இனத்துக்கும் மாதிரி என்று படங்கள் எடுத்து விற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை அஞ்சல் அட்டைகளாகவும் வந்தன. தமிழ்ப் பெண், கிளிங் கூலி என்று அடியில் அச்சிட்டிருக்கும். கிளிங் என்பது நம்மைக் குறிக்க அன்று வழங்கி, பின்னர் இழிசொல்லாகிவிட்ட பெயர். அந்தப் பெண்ணின் பெயரோ, தோட்டமோ, அவள் யாருடைய மகள் என்பதோ இருக்காது. மூக்குத்தியும் தண்டட்டியும் தெளிவாக இருக்கும். சீமையில் யாரோ ஒருவர் இரண்டு வரி எழுதி அனுப்ப அவள் முகம் பயன்பட்டது. அந்தப் படத்தின் ஒரு படி அவள் கைக்கு எட்டியிருக்கும் என்று நாம் நம்பவில்லை.

கடல் கடந்த இன்னொரு தோட்ட நாட்டையும் பாருங்கள். மொரிசியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழரும் இருந்தனர். அங்கு 1860-களில் தொழிலாளரைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டத் தொடங்கினார்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. ஒப்பந்தம் முடிந்து தம் காலில் நின்றவர்களும் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று பிடித்துச் செல்வார்கள். தொலைத்தால் பணம் கட்டி வேறு வாங்க வேண்டும். இந்தக் கொடுமைகளை எடுத்துச் சொல்லி 1871-இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர் ஒருவரின் உதவியோடு தொழிலாளர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். அதில் 9,401 பேர் கையெழுத்திட்டார்கள். அதன் பயனாக அரச விசாரணைக் குழு ஒன்று அங்குச் சென்றது. அந்தப் பழைய பதிவேடுகள் மொரிசியஸில் மகாத்மா காந்தி நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. சிரித்த முகத்தை அவற்றில் தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள். திருடனைப் பிடிக்க உதவும் என்று சொல்லி எடுக்கும் படத்தில் எவன் சிரிப்பான்?

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சிரிப்பு இல்லாத முகமெல்லாம் அஞ்சிய முகம் அல்ல. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பியோடி, அடிமை ஒழிப்புக்காக உழைத்த பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினத் தலைவரின் கதையைப் பாருங்கள். அவருடைய நிழற்படங்கள் ஏறத்தாழ நூற்றறுபது கிடைத்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவரைவிட அதிகமாகப் படமெடுக்கப்பட்டவர் இல்லை என்பது ஆய்வாளர் கருத்து. ஏன் அத்தனை படங்கள்? அன்றைய கேலிச்சித்திரங்கள் கறுப்பின மக்களைப் பல்லிளிக்கும் அடிமைகளாகவே காட்டின. அதற்கு மறுப்பாக அவர் நல்ல உடையணிந்து, தலையை நிமிர்த்தி, கருவியை நேராகப் பார்த்தார். சிரிக்க மறுத்தார். அவர் படங்களில் விறைப்பு இல்லை. உறுதி இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்ள அவர் தோளைப் பார்த்தாலே போதும்.

நம் தோட்டங்களிலும் அப்படி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் கங்காணிமார். பட்டணத்துக் கடைக்குப் போய்த் தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, கையில் குடையோ பிரம்போ பிடித்து, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்ட படங்கள் பழைய குடும்பங்களில் இன்றும் கிடைக்கும். கோட்டும் சப்பாத்தும் சில நேரம் கடைக்காரருடையவையாக இருக்கும். அதை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. ஊருக்கு அனுப்பும் படம் அது. நான் இங்கு நன்றாக இருக்கிறேன் என்பதை எழுதத் தெரியாதவர் படமாக எழுதினார். காசு கொடுத்தவர் அவர். எப்படி நிற்பது, என்ன அணிவது என்பதை முடிவு செய்தவரும் அவரே. ஆகவே அந்தப் படங்களில் முகம் இறுகியிருந்தாலும் கண் பதுங்குவதில்லை.

பால்மரம் வெட்டியவருக்கு அந்தக் காசு ஏது? அதன் விலை போரின்போதுதான் தெரிந்தது. 1942 முதல் 1945 வரை, சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு சென்றார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் சின்னப் பாட்டியின் தந்தை. பாட்டிக்கு அப்போது ஏழு வயது. "அவர் தூக்கிக்கிட்டுப் போற காண்டா வாளிச் சத்தம் காதுல இருக்கு, ராசா. பேசுற குரல்கூட இருக்கு. மூஞ்சிதான் இல்லை" என்பார். ஒரு படமும் எடுக்கவில்லை. மாலை போடவும் படம் இல்லாத வீடு அது. இத்தகைய வீடுகள் எத்தனை என்பதை நேயர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

அந்தப் பாட்டியை முதன்முதலாகப் படம் எடுத்தது எப்போது? 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே மக்களைப் பதிவு செய்யும் வேலை தொடங்கியது. பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாரும் படம் எடுத்து, கைரேகை வைத்து, அடையாளக் கார்டு பெற வேண்டும் என்பது ஆணை. நாட்டில் ஒவ்வொருவருக்கும் முகம் பதிந்த அட்டை வந்தது அப்போதுதான். எத்தனையோ தோட்டத் தொழிலாளருக்கு வாழ்வில் முதற்படம் அதுவே. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் அந்தக் கார்டுகளைப் பறித்துக் கிழித்தார்கள். கார்டு இல்லாதவரைப் போலீசும் ராணுவமும் பிடித்தன. தோட்டத்து ஆள் இரண்டுக்கும் நடுவில் நின்றான்.

பாட்டி சொன்னதை அவர் வாய்மொழியாகவே சொல்கிறோம். "பெரட்டுக்களத்துல வரிசையா நிக்க வெச்சாங்க. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒருத்தன். அவனுக்குப் பின்னால துப்பாக்கியோட ரெண்டு பேரு. அசையாதேன்னு கிராணி கத்துனாரு. நான் எங்கம்மாளப் பார்த்தேன். அது துப்பாக்கியப் பார்த்துக்கிட்டு நிக்கிது. கண்ண மூடிக்கிட்டேன். ஒரு அடி விழுந்திச்சு. மறுபடி எடுத்தாங்க."

பாயான் பாருக் கடையில் எழுபதாண்டு கழித்து மூன்று முறை மூடிய கண்கள் அவை.

இனிப் பாயான் பாருவின் கதையையும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மக்களுக்கும் படப்பெட்டிக்கும் இருந்த உறவு அங்கே கொஞ்சம் மாறியது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் அமைக்கப்பட்டது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றை ஒட்டி எழுந்த புதுநகரமே பாயான் பாரு. அருகிலுள்ள கரையிலிருந்து பார்த்தால் ஜெரஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்த நம் முன்னோரை நோய்த்தடுப்புக்காக இறக்கி வைத்திருந்த தீவு அது. எங்கள் பாட்டியும் கைக்குழந்தையாக அங்கே இறங்கியவர்தான். பின்னாளில் அந்தத் தீவுக்கு எதிரேயே அவர் பேத்திக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது.

பாலம் 1985-இல் திறக்கும்வரை அக்கரைத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் விடியுமுன் எழுந்து, கம்பெனி பேருந்தும் ஃபெரியும் ஏறி அந்த வேலைக்குப் போனார்கள். வேலைக்குச் சேரப் படம் வேண்டும். மார்பில் குத்தும் அட்டையிலும் படம் இருக்கும். இது பழைய கதைதான், பிறர் கேட்டு எடுக்கும் படம். ஆனால் முதற் சம்பளம் வாங்கிய பிறகு நடந்தது புதுக்கதை. எங்கள் அத்தைமார் இருவர், தோழிகள் மூவருடன் கடைக்குப் போய், மலை அருவி வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட வண்ணப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒருத்தி சேலை. ஒருத்தி பெல்பாட்டம் கால்சட்டை. இன்னொருத்தி கறுப்புக் கண்ணாடி. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஐவரும் சிரிக்கிறார்கள். யாரும் கேட்டு எடுத்த படம் அல்ல. எந்த அலுவலகத்துக்கும் போகாத படம். தாத்தா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லையாம். நமக்குத் தெரிந்த தோட்டத்துப் படங்களில் தோள் இறங்கி, மூச்சு விட்டு நிற்கும் முதற்படம் அதுதான்.

மீண்டும் கடைக்குப் போவோம். மூன்று முறை தோற்ற பிறகு அந்தச் சீனப் பெரியவர் கருவியை விட்டு முன்னால் வந்தார். பாட்டிக்கு எதிரே இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எந்தத் தோட்டம், என்ன வேலை செய்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினீர்கள் என்று மலாயில் கேட்டார். மரக்கணக்கைச் சொல்லத் தொடங்கியதும் பாட்டியின் கை தொடையை விட்டு எழுந்து, கத்தி பிடிக்கும் விதத்தைக் காட்டியது. தோள் தானாக இறங்கியது. பெரியவர் மின்னல் விளக்கை அணைத்துவிட்டு, எப்போதும் எரியும் விளக்கை மட்டும் வைத்தார். கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், என் முகத்தைப் பாருங்கள் என்றார். மூச்சை மெல்ல வெளியே விடச் சொன்னார். மூச்சு வெளியேறும் நேரத்தில் முகம் இறுகாது என்பது அனுபவப்பட்ட கலைஞர்களுக்குத் தெரியும். கண்களை ஒருமுறை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொன்னார். திறந்த உடனே எடுத்துவிட்டார்.

பெற்றோர்களே, பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இந்த முறைகளை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். "ஆடாதே, அசையாதே, ஒழுங்காப் பாரு" என்று பக்கத்தில் நின்று அதட்டுவது நாம் பெரட்டுக்களத்தில் கற்றது. படத்தைப் பார்த்துப் பிள்ளை முகம் சுளித்தால், அதற்கும் காரணம் உண்டு என்று சொல்லுங்கள். நாம் நாள்தோறும் காண்பது நிலைக்கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகத்தை. படம் காட்டுவது பிறர் காணும் முகத்தை. ஆகவே சொந்த முகமே சற்று அந்நியமாகத் தெரியும்.

விண்ணப்பத்துக்கான படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தார் பெரியவர். நாம் எழுந்தோம். பாட்டி எழவில்லை.

"இன்னொண்ணு எடுக்கச் சொல்லு, ராசா."

"இதே போதும் பாட்டி, நாலு படம் இருக்கு."

"அது ஆபீசுக்கு. இது எனக்கு."

முந்தானையைத் தாமே சரி செய்துகொண்டார். முக்காலி வேண்டாம், நாற்காலி வேண்டும் என்றார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டார். சிரிக்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு, மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு நேராகப் பார்த்தார். ஒரே முறைதான் எடுத்தார் பெரியவர்.

சட்டம் போட்ட அந்தப் படம் ஒரு வாரத்தில் வந்தது. பாயான் பாரு வீட்டில், வாசலுக்கு நேர் எதிரே, மாலை இல்லாமல் மாட்டினோம். "மாலை போடுறப்ப நான் பார்க்க முடியாதுல்ல, அதான் இப்பவே பார்த்துக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்று பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டு, "எங்கப்பாருக்கு மூக்கு இப்படித்தான் இருக்குமாம். எங்கம்மா சொல்லும்" என்றார்.